ரீட் கல்லூரி: நான்காண்டுப் படிப்பும் ஓர் ஆய்வேடும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ரீட் காலேஜ் என்று ஒரு சின்னத் தனியார் கல்லூரி இருக்கிறது. தரவரிசைப் பட்டியலில் கீழே கிடக்கிறது, மார்க்கைக் காட்டுவதில்லை, இன்ஜினியரிங் கிடையாது. ஆனால் அங்கே படித்தவர்களில் பிஎச்.டி. முடிக்கிறவர்கள் மிக அதிகம் என்கிறார்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளையை நம்பி அனுப்பலாமா?

நிறையப் படிக்க வேண்டும், படித்ததைப் பற்றி எழுத வேண்டும், எழுதியதைப் பதினைந்து பேர் நடுவில் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த மூன்றும் பிடித்த பிள்ளை என்றால் தாராளமாக அனுப்பலாம். மூன்றில் ஒன்று பிடிக்காவிட்டாலும் அங்கே நான்கு ஆண்டுகள் பெரும் பாரமாகிவிடும். ஏன் என்பது அந்தக் கல்லூரி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் புரியும்.

முதலில் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயர் தரும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அதைக் கேட்டதும் நமக்குப் பள்ளிக்கூடத்து 'ஆர்ட்ஸ் குரூப்' ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரீட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாம் உண்டு. பழைய கிரேக்கம், லத்தீன், தத்துவம், மானுடவியல், நாடகமும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் கிடைப்பது பி.ஏ. பட்டம்தான். இயற்பியல் படித்தாலும் பி.ஏ. தான். சான்றிதழைப் பார்த்துத் திடுக்கிடும் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பெரிய பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் முக்கியமான வேறுபாடு, இங்கே முனைவர் பட்ட மாணவர்களே இல்லை என்பது. வேலை பார்க்கிற பெரியவர்களுக்கென்று ஒரு சிறிய முதுகலைத் திட்டம் மட்டும் உண்டு. அதனால் வகுப்பெடுப்பது, தாள் திருத்துவது, ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்பது எல்லாம் பேராசிரியரே. பெரிய பல்கலைக்கழகங்களில் முதுநிலை மாணவர்களுக்குப் போகும் ஆய்வக வேலை இங்கே இருபது வயதுப் பிள்ளைகள் கைக்கு வருகிறது.

கல்லூரி பிறந்தது ஓர் உயிலால். கொலம்பியா ஆற்றில் நீராவிக் கப்பல் விட்டுச் செல்வம் சேர்த்தவர்களில் ஒருவர் சிமியோன் ரீட். அவர் 1895இல் இறந்தார். மனைவி அமாண்டா 1904இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியைப் போர்ட்லாந்து நகரில் ஒரு கல்வி நிலையத்துக்கு எழுதிவைத்திருந்தார். அப்படி ஒன்று வேண்டும் என்று அந்தத் தம்பதியிடம் சொல்லி வந்தவர் தாமஸ் லாம்ப் எலியட் என்ற, யூனிடேரியன் சமயப் பிரிவைச் சேர்ந்த போதகர். 1908இல் கல்லூரி நிறுவப்பட்டது. 1911இல் வகுப்புகள் தொடங்கின. முதல் தலைவர் வில்லியம் டிரூஃபன்ட் ஃபாஸ்டர் பதவியேற்றபோது அவருக்கு முப்பத்தோரு வயது. மற்றக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் விளையாட்டுப் போட்டி வேண்டாம், 'ஃபிரட்டெர்னிட்டி', 'சொராரிட்டி' என்னும் மாணவர் சங்கங்கள் வேண்டாம், கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும் என்று அவர் காலத்தில் வகுத்த சட்டகம் நூறாண்டு கடந்தும் நிற்கிறது. ரீட்டைப் பற்றி விசித்திரமாகக் கேள்விப்படுகிற பலவற்றுக்கு வேர் இந்த முடிவுகளில்தான் இருக்கிறது.

முதலாண்டில் யாரும் தப்பிக்க முடியாத பாடம் ஒன்று உண்டு. 'ஹியூமானிட்டீஸ் 110' என்று பெயர். மாணவர்கள் 'ஹம் ஒன் டென்' என்பார்கள். இயற்பியல் படிக்க வந்தவரும் இதை எடுத்தாக வேண்டும். பட்டத்துக்குத் தேவையான 30 யூனிட்டில் மூன்று யூனிட் இதுவே. முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாக விரிவுரை நடக்கும். வெவ்வேறு துறைப் பேராசிரியர்கள் முறைவைத்து வந்து பேசுவார்கள். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து அதே நூலைப் பற்றி விவாதம். பல பத்தாண்டுகள் இந்தப் பாடம் முழுக்கக் கிரேக்க, ரோமானிய நூல்களைச் சுற்றியே இருந்தது. 2016இல் தொடங்கி மாணவர்கள் அதை எதிர்த்தார்கள். விரிவுரைக் கூடத்திலேயே பதாகை பிடித்து உட்கார்ந்தார்கள். ஆசிரியர்கள் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தார்கள். 2018இலிருந்து முதல் பாதியில் பண்டைய மத்தியதரைக் கடல் உலகம், இரண்டாம் பாதியில் மெக்சிகோ நகரமும் நியூயார்க்கின் ஹார்லமும் என்று அமைந்தது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். எந்த நூலைப் படிப்பது என்று ஒரு கல்லூரி முழுவதும் இரண்டு ஆண்டுகள் சண்டை போடுகிறது என்றால் அங்கே நூல்களை யாரும் அலங்காரத்துக்கு வைத்திருக்கவில்லை என்று பொருள்.

அந்தச் சிறு குழு விவாதத்துக்கு 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். இதுதான் ரீட்டின் முதுகெலும்பு. பதினைந்து பதினாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். பேராசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரு கருத்தைச் சொன்னால் அடுத்தவர், "எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது?" என்று கேட்பார். பக்கத்தைக் காட்ட வேண்டும். படிக்காமல் வந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் பள்ளிகளில் தேறி வந்த பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆங்கிலமோ அறிவோ குறைவு என்பது அல்ல காரணம். முழுதாக யோசித்து முடித்த பிறகே வாய் திறக்க வேண்டும், ஆசிரியர் பேசும்போது குறுக்கே கேட்கக் கூடாது என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழகியிருப்பார்கள். கான்ஃபரன்ஸில் பாதி யோசனையைத்தான் மேசையில் வைக்க வேண்டும்; மீதியை மற்றவர்கள் சேர்ந்து யோசிப்பார்கள். முதல் மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிறகு திறப்பது மேலும் கடினம். இதற்கு எளிய வழி, ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் போகும்முன் நூலில் புரியாத ஒரு வரியைக் குறித்துவைத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுவது. கேள்வி கேட்பதும் பங்கெடுப்புத்தான்.

படிக்க வேண்டியதன் அளவு இன்னொரு சிக்கல். நான்கு பாடம் எடுத்திருந்தால் வாரத்துக்குச் சில நூறு பக்கங்கள் வந்து சேரும். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில், வரிவரியாகப் படிக்க முயல்பவர் ஆறாவது வாரத்தில் மூச்சு வாங்கிப் படுத்துவிடுவார். எதை ஆழ்ந்து படிப்பது, எதன் வாதத்தை மட்டும் பிடித்துக்கொள்வது, எதை அடுத்த வாரம் திரும்பிப் பார்ப்பது என்று பிரித்தறிவது அங்கே கற்க வேண்டிய முதல் திறமை. யாரும் அதைத் தனியாகச் சொல்லித் தருவதில்லை. மூத்த மாணவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மார்க் விஷயம். ரீட்டில் கிரேடு இல்லை என்று சொல்வது தவறு. எல்லாப் பாடத்துக்கும் கிரேடு போடப்படுகிறது, பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. மாணவருக்கு அதை வழக்கமாக அனுப்புவதில்லை, அவ்வளவுதான். தாள் திரும்பி வரும்போது அதில் எழுத்தோ எண்ணோ இருக்காது. ஓரங்களில் குறிப்பும், கடைசியில் ஒரு பக்கத்துக்குக் கருத்தும் இருக்கும். ஹம் 110 தாளுக்கு ஆசிரியரோடு தனியே உட்கார்ந்து பேசவும் வேண்டும்; அதைப் 'பேப்பர் கான்ஃபரன்ஸ்' என்பார்கள். 'சி' கிரேடுக்குக் கீழே போனால்தான் கல்லூரியே தெரிவிக்கும். தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்டால் சொல்வார்கள். வகுப்பில் முதலிடம், 'டீன்ஸ் லிஸ்ட்' போன்ற கௌரவங்கள் கிடையாது.

இதனால் கிடைக்கும் நன்மை பெரியது. பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் நாகரிகமில்லை. ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆபத்தும் உண்டு. பலகையில் ரேங்க் ஒட்டிப் பழகிய பிள்ளைக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும். சிலர் நன்றாகச் செய்துகொண்டே தோற்றுவிட்டோம் என்று மருகுவார்கள். சிலர் சுமாராகச் செய்துகொண்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அட்வைசரிடம் (வழிகாட்டும் பேராசிரியரிடம்) போய்க் கிரேடைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. குறிப்பாக மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். ரீட் கிரேடைத் தாராளமாக வாரி வழங்குவதில்லை. வேறிடத்தில் 'ஏ' வாங்கும் தாளுக்கு இங்கே 'பி' வரலாம். மதிப்பெண் பட்டியலோடு, இங்கே கிரேடு எப்படிப் போடப்படுகிறது என்ற விளக்கக் குறிப்பையும் கல்லூரி சேர்த்து அனுப்புகிறது. பிஎச்.டி. சேர்க்கைக் குழுக்களுக்கு ரீட்டைத் தெரியும், அங்கே பெரிய பாதிப்பில்லை. மருத்துவப் படிப்புபோல எண்ணை முதலில் பார்க்கும் இடங்களில் மட்டும் இது உறுத்தும்.

மூன்றாம் ஆண்டில் 'ஜூனியர் குவால்' என்ற தேர்வு. துறைக்குத் துறை வடிவம் மாறும். சில துறைகளில் வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து எழுதும் வினாத்தாள். சிலவற்றில் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து அதைப் பிரித்து ஆராயச் சொல்வார்கள். இதில் தேறாமல் ஆய்வேட்டைத் தொடங்க முடியாது. முதல் முறை தவறினால் மறுபடி எழுத வாய்ப்புண்டு. பாடம் பாடமாக மனனம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். மூன்று ஆண்டுப் பாடங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க முடிகிறதா என்பதைத்தான் குவால் சோதிக்கிறது.

நான்காம் ஆண்டு முழுவதும் தீசிஸ், அதாவது ஆய்வேடு. எல்லாத் துறைக்கும், எல்லா மாணவருக்கும் கட்டாயம். இரண்டு செமஸ்டர், இரண்டு யூனிட். ஓர் அட்வைசர் வாரம் ஒரு முறையாவது பார்ப்பார். நூலகத்தில் உங்கள் பெயரில் ஒரு தீசிஸ் மேசை கிடைக்கும். ஆண்டு முழுதும் நூல்களை அங்கேயே பரப்பிவைத்துக்கொள்ளலாம். தலைப்பை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் நாற்பது ஐம்பது பக்கம் போதும். வரலாறு, மானுடவியல் என்றால் நூறைத் தொடும். பிற்காலத்தில் பெரிய கவிஞராக அறியப்பட்ட கேரி ஸ்னைடர் 1951இல் இங்கே எழுதிய ஆய்வேடு ஹைடா பழங்குடிகளின் ஒரு தொன்மக் கதையைப் பற்றியது. பல ஆண்டுகள் கழித்து அது நூலாகவே வந்தது. எல்லா ஆய்வேடும் அப்படி ஆவதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கட்டப்பட்டு நூலகத்தின் தீசிஸ் கோபுரத்தில் சேர்கிறது. முதல் அணி மாணவர்கள் எழுதியதுகூட அங்கே இருக்கிறது.

தீசிஸ் எங்கே கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகள்தான். பெரும்பாலும் நடப்பது, கேள்வி மிகப் பெரிதாக இருப்பது. 'காலனியமும் மொழியும்' என்பது இருபது ஆண்டு வேலைக்கான தலைப்பு. ஒரே ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு பத்தாண்டில், பள்ளிப் பாடநூல் ஒன்று எப்படி மாறியது என்றால் ஓர் ஆண்டில் முடியும். அக்டோபர் மாதத்துக்குள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அட்வைசரிடம் வெளிப்படையாகச் சொல்லிச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது அனுமதி. மனிதர்களைப் பேட்டி எடுக்கும் ஆய்வு, கருத்தாய்வு எல்லாவற்றுக்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். விலங்குகளை வைத்துச் செய்வதற்கும் தனிக் குழு உண்டு. படிவத்தை நவம்பரில் கொடுத்தால் தரவு திரட்டவே அடுத்த செமஸ்டர் ஆகிவிடும். கோடை விடுமுறையிலேயே படிவத்தை எழுதி வைத்திருப்பவர் தப்பிப்பார். ஆய்வக வேலையில் இன்னொரு தொல்லை: செல் வளராது, கருவி பழுதாகும், மூன்று மாத வேலை ஒரு வாரத்தில் வீணாகும். அதனால்தான் அறிவியல் மாணவர்கள் பலர் மூன்றாம் ஆண்டுக் கோடையிலேயே அட்வைசரின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து நுட்பத்தைக் கைவசப்படுத்திக்கொள்கிறார்கள். அதற்கு உதவித்தொகையும் கல்லூரியில் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது எழுதுவதைத் தள்ளிப்போடுவது. 'ஆராய்ச்சி முடியட்டும், பிறகு எழுதலாம்' என்று மார்ச் வரை காத்திருப்பவர் சேர்த்துவைத்த குறிப்புகளில் மூழ்கிப்போவார். முதல் செமஸ்டர் முடிவுக்குள் ஓர் அத்தியாயமாவது கரடுமுரடாக எழுதிக் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்புக்கென்று ரீட்டிலேயே உருவான லேடெக் (ஆவணங்களை வடிவமைக்கும் மென்பொருள்) வார்ப்புரு இருக்கிறது. வேறு பல்கலைக்கழகத்தாரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் தொடக்கத்திலேயே எழுத ஆரம்பித்தால் விளிம்பு, பக்க எண், நூற்பட்டியல் எல்லாம் தானாக அமையும். கடைசி வாரம் வேறொரு கோப்பிலிருந்து மாற்றப் போனால் அடிக்குறிப்புகள் சிதறிப் போய் இரவெல்லாம் திருத்திக்கொண்டிருக்க நேரும்.

வசந்த செமஸ்டரில் வகுப்புகள் முடியும் வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கும் நாள். அன்று நூலகத்திலிருந்து எலியட் ஹாலில் இருக்கும் பதிவாளர் அலுவலகம் வரை தீசிஸ் ஊர்வலம்; தலையில் இலைமாலை, மேளம், கூச்சல், ஒரே கொண்டாட்டம். பழைய வரைவுகளைத் தீயில் போடுவார்கள். தொடர்ந்து வரும் 'ரென் ஃபேர்' திருவிழா வார இறுதி முழுக்க நடக்கும். அதன்பின் 'ஓரல்ஸ்'. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நான்கு ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து ஆய்வேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் வேறு துறைப்பக்கத்திலிருந்து வருவார். வேதியியல் ஆய்வேட்டை வரலாற்று ஆசிரியர் படித்துவிட்டு, "இதை ஏன் கேட்டாய்?" என்பார். துறைக்கு உள்ளேயே புழங்கும் சொற்களை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது. ஒருவர் உண்மையிலேயே புரிந்து எழுதினாரா என்பது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தெரியும். பிஎச்.டி. பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? படித்து வெளியேறுகிறவர்களில் முனைவர் பட்டம் பெறுவோரின் விகிதத்தில் அமெரிக்கா முழுவதிலும் ரீட் முன்வரிசையில் இருக்கிறது. இருபத்தோரு வயதில் ஒரு முறை இதையெல்லாம் கடந்தவருக்கு முனைவர் பட்ட ஆய்வு புதிய நாடாகத் தெரிவதில்லை.

அணு உலை பற்றியும் சொல்ல வேண்டும், இது வேறெங்கும் இல்லாதது. வேதியியல் கட்டடத்தை ஒட்டி 250 கிலோவாட் ஆற்றலுள்ள டிரிகா வகை ஆராய்ச்சி உலை ஒன்று 1968 முதல் இயங்குகிறது. இளங்கலை மாணவர்களே முதன்மையாக இயக்கும் அணு உலை இது ஒன்றுதான். ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் உலை இருக்கும். மேலே நின்று எட்டிப் பார்த்தால் நீல ஒளி தெரியும். எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடு கலந்திருக்கிறது. சூடு ஏறினால் அதிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைக் கூட்டிவிடும், பிளவு குறையும், ஆற்றல் தானாக இறங்கும். பயிற்சி பெறுகிறவர்கள் கையில் கொடுக்கத் துணிவது இந்த இயல்பால்தான். முதலாண்டிலேயே பயிற்சி வகுப்பில் சேரலாம்; அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் எழுத்துத் தேர்வும் இயக்கத் தேர்வும் வைத்து உரிமம் தரும். ஆங்கில இலக்கியம் படிக்கிறவரும் உரிமம் வாங்கலாம், வாங்கியும் இருக்கிறார்கள்.

தரவரிசையில் ஏன் கீழே இருக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. 'யூ.எஸ். நியூஸ்' இதழின் பட்டியலுக்குத் தகவல் தருவதை ரீட் 1995இல் நிறுத்திவிட்டது. பல கல்லூரிகள் பட்டியலில் ஏறுவதற்காக எண்களைத் திரித்துக் கொடுக்கின்றன என்ற செய்தி வெளிவந்த சமயம் அது. அப்போதைய தலைவர் ஸ்டீவன் கோப்ளிக் இந்த விளையாட்டுக்கு வரமாட்டோம் என்றார். தகவல் வராததால் இதழ் தானே சில எண்களைப் போட்டுக்கொள்கிறது, இடம் இறங்குகிறது. 2002 முதல் 2012 வரை தலைவராக இருந்த காலின் டைவரும் இதைக் கடைசிவரை காத்தார். ஆகவே பட்டியலில் ரீட்டின் இடத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். பார்க்க வேண்டிய எண் வேறு: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் முடிக்கிறார்கள் என்பது. அதில் ரீட் தன் தரத்துக் கல்லூரிகளான ஸ்வார்த்மோர், கார்ல்டன், ஹேவர்ஃபர்ட் ஆகியவற்றைவிடப் பின்தங்கியே இருக்கிறது. முன்பு நிலைமை இன்னும் மோசம். சுமை தாங்காமல் ஓராண்டு நிறுத்திவைத்து வருகிறவர்களும், வேறிடம் போகிறவர்களும் உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இல் சேர்ந்து ஒரே செமஸ்டரில் விலகியவர். பிறகும் அங்கேயே தங்கி ராபர்ட் பலாடினோவின் எழுத்தணி வகுப்பில் உட்கார்ந்ததுதான் பின்னாளில் மெக்கின்டாஷ் எழுத்துருக்களுக்கு வித்திட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு, விலகினாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பை நிறுத்தினால் விசாவும் போய்விடும். இடைநிறுத்தம் தேவைப்பட்டால் முதலில் போக வேண்டிய இடம் வெளிநாட்டு மாணவர் அலுவலகம்.

'ஆனர் பிரின்சிபிள்' என்பது எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பழக்கம். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் இல்லை. பல தேர்வுகளை அறைக்கு எடுத்துப் போய் எழுதலாம். இதற்கென்று விதிப் பட்டியல் கிடையாது. இன்னொருவருக்குக் கேடு விளையுமா என்று நீங்களே யோசிக்க வேண்டும். முறையீடு வந்தால் மாணவர்களைக் கொண்ட 'ஜூடிஷியல் போர்டு' விசாரிக்கும். நம்பிக்கையை அடிப்படையாக வைத்ததால் அதை மீறுவதும் பெரிதாகப் பார்க்கப்படும். நண்பருடைய கணக்கைப் பார்த்து எழுதுவது வேறிடத்தில் சின்னத் தப்பாகலாம், இங்கே ஆகாது.

இந்த நம்பிக்கையைக் கல்லூரி நிர்வாகமே காப்பாற்றாத ஒரு சமயமும் உண்டு. 1954இல் நாடாளுமன்றக் குழுவின் கம்யூனிச விசாரணை போர்ட்லாந்துக்கு வந்தபோது, கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி மூரை அறங்காவலர்கள் வேலையை விட்டு நீக்கினார்கள். 1981இல்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் போதைப்பொருளால் இரண்டு மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பின் விதிகள் இறுகின. சுதந்திரம் மிகுந்த இடம் என்பது உண்மை; பிள்ளையோடு இதைப் பற்றி வீட்டிலேயே திறந்து பேசிவிட வேண்டும்.

இடம் அழகானது. 116 ஏக்கர் வளாகத்தின் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஊற்றிலிருந்து பிறக்கும் ஓடை, ஏரி, மீன் ஏணி, சால்மன். 'கேன்யன் டே' அன்று மாணவர்கள் இறங்கி, படர்ந்த அயல் செடிகளைப் பிடுங்குகிறார்கள். மவுன்ட் ஹுட் மலையில் கல்லூரிக்கென்று ஒரு மரவீடும் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை சாம்பல் வானமும் தூறலும். வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பனியைவிட இந்த இருட்டுத்தான் மனத்தை அழுத்தும். மதியம் ஒரு மணி நேரமாவது வெளியே நடப்பது, மனம் சோர்ந்தால் காலம் தாழ்த்தாமல் ஆலோசகரைப் பார்ப்பது, இரண்டும் பாடம் படிப்பதைப் போலவே அவசியம்.

விண்ணப்பம் பற்றி. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்திருக்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் அப்ளிகேஷன் வழியாக விண்ணப்பிக்கலாம். அங்கே பார்ப்பது பள்ளியில் எடுத்த பாடங்களின் கனம், ஆசிரியர் கடிதம், எழுத்து. ஜனவரியில் 'பைடெயா' என்று ஒரு வாரம். மாணவர்களே தமக்குப் பிடித்ததை வகுப்பாக எடுப்பார்கள். நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள் என்று விண்ணப்பத்திலேயே சில ஆண்டுகள் கேட்டிருக்கிறார்கள். சமையல், சதுரங்கம், சோழர் செப்பேடு எதை எழுதினாலும் சரி, அதில் ஏதோ ஒன்றை நுணுகிப் பார்த்திருக்க வேண்டும். விருதுகளை வரிசையாக அடுக்குவது இந்த இடத்தில் எடுபடாது.

பணம் முக்கியம். கட்டணம், தங்கல், உணவு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. மெரிட் ஸ்காலர்ஷிப்பை நம்பி இறங்க வேண்டாம்; உதவி என்பது பெரும்பாலும் குடும்பத்தின் நிதித் தேவையைப் பார்த்துத்தான். சேர்த்துக்கொண்டவரின் தேவை முழுவதையும் ஈடுகட்டுவதாக ரீட் சொல்கிறது, ஆனால் சேர்ப்பதா என்று முடிவெடுக்கும்போது பணம் கேட்கிறாரா என்பதையும் கணக்கில் எடுக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த வடிகட்டல் கடுமை. உதவி தேவையென்றால் விண்ணப்பத்தோடு சேர்த்தே, குடும்பத்தின் நிதி விவரங்களைக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். முதலில் கேட்காமல் இடம் வாங்கிக்கொண்டு பிறகு கேட்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். அப்பா அம்மாவின் வருமானச் சான்று, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, சொந்த வீடு, நிலம் எல்லாம் காட்ட வேண்டும். விவசாய வருமானம் இருந்தால் அதற்குத் தனி விளக்கக் கடிதம் வைப்பது நல்லது. படிவத்தில் ஒரு தொகையும் தாளில் வேறு தொகையும் இருந்தால் கோப்பு அப்படியே நிற்கும். பணத் தேவையைப் பாராமல் வெளிநாட்டினரையும் சேர்க்கும் ஆம்ஹெர்ஸ்ட், பௌடன் போன்ற கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். போட்டி அங்கே இன்னும் பல மடங்கு.

வேலை என்று வரும்போது, பட்டம் பி.ஏ. என்பதால் அமெரிக்காவில் தங்கி வேலை பார்க்கும் கூடுதல் காலம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். படித்து முடித்ததும் எல்லாருக்கும் 12 மாதம் ஓ.பி.டி. (மாணவர் விசாவிலேயே, படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி); அறிவியல், கணிதம் போன்ற துறைகளுக்கு இன்னும் 24 மாதம். அதை முடிவுசெய்வது பாடத்துக்கான சி.ஐ.பி. குறியீட்டு எண், பட்டத்தின் பெயர் அதில் வருவதில்லை. மேஜரை (முதன்மைப் பாடத்தை) அறிவிக்கும் முன் அந்த எண்ணை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினியரிங் வேண்டுமென்றால் ரீட்டில் மூன்று ஆண்டு, வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என்று ஐந்தாண்டு ஏற்பாடு உண்டு. இரண்டாம் இடத்தில் உதவித்தொகை தொடரும் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

இடம் கிடைத்துவிட்டால் மே முதல் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் கல்லூரிக்கு எழுதி, பிள்ளை விரும்பும் துறையில் கடைசி ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பேசும்போது பிள்ளை மூன்று கேள்விகள் கேட்கட்டும்: தீசிஸ் கேள்வி என்ன, எந்த மாதம் அது முடிவானது, அட்வைசர் அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறாரா? சின்னத் துறைகளில் இரண்டு பேராசிரியர்கள் ஒரே ஆண்டு ஆய்வு விடுப்பில் போய்விட்டால், அந்த ஆண்டு அந்தத் துறையில் தீசிஸ் எழுதுகிறவருக்குப் பிடித்த தலைப்புக்கு வழிகாட்ட ஆள் இருக்காது.